கோணல் மனைக்குச் சதுர அடி கணக்குப் போடுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. "மனை கோணலாக இருக்கிறது, நாலு பக்க அளவும் தருகிறேன், எத்தனை சதுர அடி வரும்?" இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்கிறீர்கள். நாலு பக்கத்தை மட்டும் வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது. ஏன் என்று காட்டுகிறேன்.

என் கையில் இருப்பது நாலு அலுமினியப் பட்டை. இரண்டு 30 சென்டிமீட்டர், இரண்டு 40. மூலைகளில் போல்ட் போட்டிருக்கிறேன், ஆனால் இறுக்கவில்லை. இப்போது நேரான செவ்வகம், பரப்பு 1200. இந்த மூலையை மெதுவாகத் தள்ளுகிறேன், பாருங்கள். பட்டை நீளம் எதுவும் மாறவில்லை. உள்ளே இருக்கும் இடம் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. இன்னும் தள்ளினால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இடமே இருக்காது. சுற்றளவு அப்போதும் அதே 140தான்.

இப்போது ஐந்தாவது பட்டை ஒன்றை மூலைக்கு மூலை குறுக்கே போட்டு முடுக்குகிறேன். அசைகிறதா? அசையாது. இரண்டு முக்கோணம் ஆகிவிட்டது. முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் அதன் வடிவம் ஒன்றே ஒன்றுதான். ஆக, நாலு அளவு போதாது, ஐந்தாவதாகக் குறுக்களவு வேண்டும்.

இது புதிய விஷயம் இல்லை. 1150 வாக்கில் எழுதப்பட்ட லீலாவதி என்ற கணித நூலில், கணித அறிஞர் பாஸ்கரர் இப்படிக் கேட்கிற ஆளைத் திட்டியிருக்கிறார். குறுக்களவோ செங்குத்தோ சொல்லாமல் பரப்பு கேட்பவன் பிசாசு, அதற்குப் பதில் சொல்பவன் அதைவிடப் பெரிய பிசாசு என்று! நான் உங்களை அப்படிச் சொல்லவில்லை, பாஸ்கரர்தான் சொல்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். பக்கம் 30 அடி, 40 அடி, எதிர்ப்பக்கங்களும் அதே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப்பை மூலைக்கு மூலை பிடித்தால் சரியாக 50 அடி வர வேண்டும். கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் அதே 3, 4, 5 கணக்குதான். 50 வந்தால் மூலை நேராக இருக்கிறது, 1200 சதுர அடி. 60 அடி வருகிறது என்றால்? முக்கோணத்தின் பக்கங்கள் 30, 40, 60. கூட்டினால் 130, பாதி 65. அந்த 65-இல் ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 35, 25, 5. இந்த நாலு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 533 சொச்சம். இரண்டு முக்கோணத்துக்கும் சேர்த்துச் சுமார் 1066 சதுர அடி. 133 சதுர அடி எங்கே போனது? உங்கள் மனையில் அது இருந்ததே இல்லை. ஆனால் சதுர அடி ரேட்டில் அதற்கும் பணம் கொடுத்திருப்பீர்கள்.

எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு சராசரியையும் பெருக்குகிறார்கள் இல்லையா, அந்த வழி செவ்வகத்துக்கு மட்டும்தான் சரி. மற்ற எந்த நாற்கோணத்துக்கும் அது கூடுதலாகவே காட்டும், ஒரு தடவைகூடக் குறைத்துக் காட்டாது. பழைய எகிப்தில் எட்ஃபூ கோயில் நிலக் கணக்கிலும் இதே வழிதான். முக்கோண நிலம் வந்தால் நாலாவது பக்கம் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு அதே மாதிரி பெருக்கியிருக்கிறார்கள். விற்பவர்களுக்கு இந்த வழி ஏன் பிடித்திருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஐந்து மூலை இருந்தால் இரண்டு குறுக்களவு எடுங்கள், மூன்று முக்கோணம் கிடைக்கும். டேப்பைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். சரிவான இடமென்றால் தரையோடு படுக்க வைக்காமல் கிடைமட்டமாகப் பிடியுங்கள், பத்திரத்தில் வருவது அந்த அளவுதான்.

அப்புறம், நிலத்தின் எஃப்எம்பி வரைபடத்தை, அதாவது சர்வே துறையின் நில அளவைப் படத்தை, அரசு இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். அதிலும் குறுக்கே கோடுகள் போட்டு, நிலத்தை முக்கோணமாகப் பிரித்துத்தான் வைத்திருப்பார்கள். அளவு மீட்டரில் இருக்கும், 3.28-ஆல் பெருக்கினால் அடி. உங்கள் டேப் அளவும் அதுவும் ஒத்துவராவிட்டால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.