கணக்கே! - பாம்பன் பட்டிமன்றத்தில் ஓர் அணியின் பேச்சு

நடுவர் அவர்களே, பாம்பன் கரையில் கூடியிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"அன்றாட வாழ்வுக்குக் கைகொடுப்பது அனுபவமா, கணக்கா?" என்பது தலைப்பு. அனுபவமே என்று பேசிய அண்ணன், தன் தாத்தா பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே காலமெல்லாம் கடலுக்குப் போய் வந்தார் என்றார். அந்தத் தாத்தாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் செய்தது என்ன? கயிற்றில் குண்டு கட்டி இறக்கி, இரு கைகளையும் விரித்து விரித்து எத்தனை பாகம் ஆழம் என்று எண்ணினார். இன்று நீர் ஏறிய நேரத்துக்கு நாளை ஏறாது, ஏறக்குறைய 50 நிமிடம், அதாவது 2 நாழிகை தள்ளித்தான் ஏறும் என்று திதியை வைத்தே சொன்னார். இது கணக்கு இல்லாமல் வேறென்ன? தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான். அவர் எங்கள் அணி, நடுவர் அவர்களே!

2025-ல் திறந்த புது ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே போகிறதே, அதை நான் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அது பொறியாளர் கணக்கு. நான் பேச வந்தது வீட்டுக் கணக்கு.

"நூற்றுக்கு மூணு வட்டிதானே" என்று 20,000 ரூபாய் வாங்குகிறோம். மூணு என்பது காதுக்குச் சின்ன எண். அது மாத வட்டி. மாதம் 600, வருடத்துக்கு 7,200. அசல் அப்படியே நிற்கும்.

அப்புறம், எதிரணித் தங்கை "போனில் கால்குலேட்டர் இருக்கும்போது கணக்கு எதற்கு?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். சரி, பங்கு பிரிப்போம். ஒரு பேச்சுக்கு, பாடு, அதாவது ஒரு நடையில் பிடித்த மீன், 12,000 ரூபாய்க்கு ஏலம் போகிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 4,800. ஆள் நாலு பேர், படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆக 6 பங்கு. செலவைக் கழித்துவிட்டுப் பிரித்தால் மிச்சம் 7,200, பங்குக்கு 1,200. அதையே ஒருவர், "முதலில் பிரித்துக்கொள்வோம், செலவை ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார். பங்குக்கு 2,000 வரும். கேட்கவே நன்றாக இருக்கிறது! ஆனால் 4,800 செலவு நாலு பேர் தலையில் ஆளுக்கு 1,200 விழும். கையில் மிஞ்சுவது 800. விடிய விடிய வலை இழுத்தவனுக்கு ஒரே ராத்திரியில் 400 ரூபாய் போச்சு. நாலு பேருக்கும் சேர்த்து 1,600 ரூபாய். அது அப்படியே படகும் வலையும் வைத்திருக்கும் படகுக்காரர் பக்கம் சேர்ந்தது.

இதில் கால்குலேட்டர் எங்கே தவறியது, நடுவர் அவர்களே? எங்கேயும் இல்லை. 1,200-ம் சரி, 800-ம் சரி. எதை முதலில் தட்ட வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அது தட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுபவம் அவனுக்கு "ஏதோ குறையுதே" என்று உறுத்தும். எவ்வளவு குறைகிறது, எந்த இடத்தில் குறைந்தது என்று காட்டி, நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று கேட்க வைப்பது கணக்குதான்.

எதிரணியில் அடுத்து வருபவர் இதற்குப் பதில் சொல்லட்டும்: இந்தக் கரையில் செலவைக் கழித்துவிட்டு வகுப்பதா, வகுத்துவிட்டுக் கழிப்பதா? கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லலாம். நன்றி, வணக்கம்.