சேலைக்கு இடமில்லாத அலுமாரி

நடுவர் ஐயா, கோயில் மணலில் குந்தியிருக்கும் சபையோரே, வணக்கம். மணியிலிருந்து கையை எடுங்கள் ஐயா, நான் இன்னும் தொடங்கவில்லை.

மறந்துபோன சிரிப்புப் படங்களைத் தேடிச் சேர்ப்பது ரசனையா, பைத்தியமா? ரசனை என்று பேச வந்தேன். அதற்குள் எதிரணித் தங்கச்சி, “பூஞ்சணம் பிடித்த வீடியோக் கொப்பியால் அலுமாரியை நிரப்பினால் பெண்சாதி சேலையை எங்கே வைப்பாள்?” என்று கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டார்.

தங்கச்சி, அது எங்கட மாமா வீட்டு அலுமாரி. உங்களுக்கு யார் சொன்னது?

மாமா அலைந்தது 1941இல் வந்த ‘சபாபதி’க்கு. எசமானுக்கும் அதே பெயர், வேலைக்காரனுக்கும் அதே பெயர். டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும். சீடி வந்து கொப்பிக் கடைகள் மூடின நேரம் கல்முனையில் ஒன்று அகப்பட்டது. அன்றிரவு கறண்ட் இல்லை. ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து, டெக்கின் ஹெட்டைச் சாறன் தலைப்பால் துடைத்துப் போட்டார். எசமான் சபாபதி வாயைத் திறந்தார். கோடு கோடாக விழுந்தது. மறுகா பார்த்தால் கல்லாற்றில் ஒரு சாமத்தியச் சடங்கு! யாரோ மேலே பதிந்துவிட்டார்கள். அரை மணி நேரம் ஆலாத்தி. மாமா நிறுத்தவில்லை. “பொறு மனே, வேலைக்காரன் வருவான்.” வந்தான் ஐயா! பலகாரத் தட்டோடு ஒரு பொடியன் வந்தான்!

சிரியுங்கள். ஆனால் நம் இலங்கையிலேயே எடுத்த ‘கோமாளிகள்’ படத்தை இங்கே எத்தனை பேர் பார்த்தீர்கள்? 1976. வானொலியில் கேட்டுச் சிரித்த நாடகம்தான். மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஆளுக்கொரு தமிழ். 1978 சூறாவளி நம் கூரைகளைக் கொண்டுபோனது. 1983 கலவரத்தில் ஹெந்தளை விஜயா சினிமா ஸ்டூடியோவையே கொளுத்தினார்கள். மிச்சம் எங்கே இருக்கும் தங்கச்சி, அலுமாரியில்தானே?

மணி அடித்தாயிற்றா? ஒரு நிமிடம் ஐயா.

அந்தப் பொடியன் தட்டை நீட்டியபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை. கல்லாறு மாமியின் ஊர். தட்டோடு நின்றது மாமியின் தம்பி. 1990இல் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. கமராவைக் கண்டு வெட்கப்பட்டு, ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்.

மாமியின் சேலைகள் இப்போது கட்டிலுக்குக் கீழே சூட்கேசில் இருக்கின்றன. மாமா வைக்கவில்லை தங்கச்சி, மாமியே எடுத்து வைத்தா.