களைத்த மூச்சுத் தசைக்குப் பம்ப் பலம் தருமா?

வணக்கம் நேயர்களே. மாரி காலத்தில் யன்னலைச் சாத்திக்கொண்டு விறகடுப்பு எரிக்கும் வீடுகளில் முட்டு வருத்தக்காரர் படும் பாடு திருகோணமலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூச்சு இழுத்து இழுத்துக் களைத்த தசைக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து உண்மையில் என்ன செய்கிறது என்று இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

மூச்சை உள்ளெடுப்பதில் பெரும்பங்கு பிரிமென்றகட்டுக்கு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மேல்நோக்கிக் குவிந்திருக்கும் தசை அது. முட்டு கடுமையானால் உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாது. மூச்சுக்கு மூச்சு கொஞ்சம் தேங்கி, நுரையீரல் ஊதி, பிரிமென்றகட்டைக் கீழே தள்ளித் தட்டையாக்கிவிடும். தட்டையான தசை ஏற்கெனவே சுருங்கிய தசை. இழுக்காத கவண் இறப்பரால் கல்லெறிய முடியுமா?

சல்பியூட்டமோல் பம்ப் உதவுவது இங்கேதான். குழாய் விரிய, தேங்கிய காற்று வெளியேற, பிரிமென்றகடு பழைய வடிவத்துக்கு வருகிறது. தசையின் பலம் கூடவில்லை, சுமைதான் இறங்கியிருக்கிறது. 5 நிமிடத்தில் சுகம் தெரியும், 4 முதல் 6 மணித்தியாலம் நிற்கும். களைத்தவரால் ஆழமாக இழுத்து 10 செக்கன் அடக்கிவைக்க இயலாது. அவருக்கு ஸ்பேசர் வேண்டும், அதாவது பம்பின் வாயில் பொருத்தி மருந்தை மெதுவாக மூச்சோடு எடுக்க உதவும் குழல். பம்பைக் குலுக்கி ஒருமுறை அழுத்துங்கள், 4 தரம் மூச்சு எடுக்கவிடுங்கள், பிறகுதான் அடுத்தது. சேர்த்து அடித்தால் உள்ளே போகும் மருந்து குறைந்துவிடும்.

தசைக்கே நேரடியாகப் பலம் தரும் மருந்து உண்டா? முட்டுக்குக் கொடுக்கும் தியோபிலின் குடும்பத்து மருந்துகளுக்கு அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. களைக்கவைத்த பிரிமென்றகடு அக்குடும்பத்து அமினோபிலின் கொடுத்ததும் கூடிய விசையோடு சுருங்கியதை 1981இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வழமையான அளவில் கிடைக்கும் பலன் சிறியது. ஆபத்தோ பெரியது. இரத்தத்தில் லீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, வலிப்புவரை போகலாம். சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின் போன்ற குளிசைகள் அந்த அளவை ஏற்றிவிடும். புகைப்பதை நிறுத்தினாலும் அளவு ஏறும். நிறுத்துவது மிக நல்லது. ஆனால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அவர் குளிசையைக் குறைப்பார். மெதுவாகக் கரையும் தியோபிலினைப் பொடியாக்கி விழுங்கவே கூடாது. களைப்பாக இருக்கிறதென்று தானாக ஒன்று கூட்டிப் போடுவதும் வேண்டாம்.

பம்பையும் அளவின்றி அடிக்க முடியாது. சல்பியூட்டமோல் கூடினால் இரத்தத்தில் பொற்றாசியம் இறங்கும். இறங்கினால் மூச்சுத் தசை உட்பட எல்லாத் தசையும் சோரும்.

மிகக் களைத்த பிரிமென்றகடு முழுதாகத் தேற ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். அதனால்தான் சிலருக்கு இயந்திரம் வைத்து மூச்சுக்கு உதவுகிறார்கள். அந்த நிலையை நெருங்குபவரைப் பார்த்தாலே தெரியும்: கழுத்துத் தசை புடைக்கும், மூச்சு இழுக்கையில் வயிறு உள்வாங்கும், ஒரு வசனத்தை முடிக்க இயலாது. விசில் சத்தம் நின்று ஆள் அரைத்தூக்கத்தில் கிடந்தால் சுகமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். சத்தம் வரும் அளவுக்குக் கூடக் காற்று ஓடவில்லை என்பதே பொருள்.

உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். வண்டி வரும்வரை நிமிர்த்தி இருத்தி, ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 தரம் கொடுத்து, 4 நிமிடம் பொறுத்து, தேறாவிட்டால் மீண்டும் 4 கொடுங்கள். பம்பையும் குளிசைப் பெட்டிகளையும் வைத்தியசாலைக்குக் கையோடு கொண்டுபோங்கள். ஏற்கெனவே தியோபிலின் எடுப்பவருக்கு அமினோபிலின் ஊசியை வழமையான முதல் அளவில் ஏற்றக் கூடாது. அதை ஏற்றுமுன் வைத்தியர் தேடுவது அந்தப் பெட்டியைத்தான்.