500 லிட்டர் டீசல் | ஸ்ரெப்ரெனிட்சா வ்லாக்

வணக்கம் மக்களே! போன வீடியோல, போஸ்னியாவுல 1995ல நடந்த ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையப் பத்தி ஒருத்தர், "உள்நாட்டுப் போர்னா கோவத்துல வெட்டிக்கத்தான் செய்வாங்க ப்ரோ"ன்னு கமெண்ட் போட்டிருக்காரு, அதுக்கு லைக் வேற குவியுது. செம கடுப்பாயிட்டேன். அதான் சரயேவோ சாப்பாட்டு வீடியோவ ஓரங்கட்டிட்டு நேரா இங்க, ஸ்ரெப்ரெனிட்சாவுக்குப் பக்கத்துல இருக்கிற பொட்டோச்சாரிக்கு வந்துட்டேன்.

என்னடா இவன் பஸ்ஸ விட்டுட்டு கார்ல சுத்துறான்னு பாக்குறீங்களா? வாடகை காரு. ஃபுல் டேங்க்னு சொல்லிக் குடுத்தான், பாத்தா முள்ளு முக்கால்ல நிக்குது, ஆனா திருப்பி விடும்போது மட்டும் ஃபுல்லா வேணுமாம்! விடுவேனா? போட்டோ எடுத்து, பேப்பர்ல எழுதி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் நகந்தேன். நம்மகிட்டயேவா!

சரி விஷயத்துக்கு வர்றேன். 1993ல ஐநா ஸ்ரெப்ரெனிட்சாவ பாதுகாப்புப் பகுதின்னு அறிவிச்சுது. அத நம்பி சுத்துப்பட்டு போஸ்னியாக் முஸ்லிம் ஜனங்க வந்து அடைஞ்சு கெடந்தாங்க. 1995 ஜூலை 11, ராட்கோ மிளாடிச்சோட போஸ்னிய செர்பு படை ஊரப் பிடிச்சுது. எனக்குப் பின்னாடி தெரியுதே பேட்டரி ஃபேக்டரி, இதுதான் டச்சு ஐநா வீரர்களோட முகாம், ஜனங்க இங்கதான் ஓடி வந்தாங்க. பயப்படாதீங்கன்னு சொல்லி சின்னப் பசங்களுக்கு மிளாடிச் சாக்லேட் குடுக்கிற கிளிப் இருக்கு, எனக்குப் பத்திக்கிட்டு வரும் அதப் பாத்தா. அப்புறம் பொம்பளைங்களையும் கொழந்தைங்களையும் பஸ்ல ஏத்தி அனுப்பிட்டு, ஆம்பளைங்களையும் பையன்களையும் தனியா பிரிச்சு, சில நாள்லயே 8000 பேருக்கு மேல கொன்னுட்டாங்க.

இது கோவமா? ஜூலை 16ல ஒட்டுக்கேட்ட ஒரு போன் பேச்சு ஹேக் நகரத்துல இருந்த ஐநா போர்க்குற்ற கோர்ட்டுக்கு வந்துச்சு. 500 லிட்டர் டீசல் அனுப்புங்க, இல்லன்னா வேலை நின்னுடும்னு செர்பு படைக்காரங்க கேக்குறாங்க. "வேலை"! அந்தக் கொலைகளத்தான் அப்படிச் சொல்றாங்க. கோவத்துல இருக்கிறவன் டீசலுக்கு இண்டெண்ட் போடுவானா?

அய்யோ, க்ராவிட்சான்னு பக்கத்து ஊர விட்டுட்டேன் பாருங்க. ஜூலை 13, அங்க ஒரு கிடங்குக்குள்ள மட்டும் ஆயிரம் பேருக்கு மேல கொன்னாங்க. நான் வந்த ரோட்டு மேலதான்.

அதோட விடல. அப்புறமா தடயத்த மறைக்க, மொதல்ல பொதைச்ச குழிய மெஷின் வெச்சுத் திரும்பத் தோண்டி, பொணங்கள அள்ளிட்டுப் போய் வேற வேற எடத்துல பொதைச்சாங்க. அதனால ஒரே ஆளோட எலும்பு நாலஞ்சு குழியில கூட கெடைச்சிருக்கு, டிஎன்ஏ பாத்துதான் சேக்குறாங்க. ரெண்டு எலும்பு வந்தாலும் பொதைக்கிறதா, மீதிக்குக் காத்திருக்கிறதான்னு வீட்டுக்காரங்கதான் முடிவு பண்ணணும்.

பஸ் ஏற்பாட்டுல இருந்த செர்பு படை ஜெனரல் கிர்ஸ்டிச்சுக்கு 35 வருஷம் ஜெயில். மிளாடிச் 2011 வரைக்கும் தலைமறைவு, 2021ல ஆயுள் தண்டனை உறுதியாச்சு. ஃபேக்டரிக்குள்ள மியூசியம் இருக்கு, அது தனி வீடியோ.