கல்லைக் கண்டால் நாயைக் காணோம்

(யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சனசமூக நிலையத் தலைவர் ஐயா அவர்களே, மங்கல விளக்கேற்றி வைத்த பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, விடுமுறை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் கால்நடை வைத்திய அதிகாரி அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்திருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களே, கதிரைகளையும் ஒலிபெருக்கியையும் ஒரு சதம் வாங்காமல் தந்த ஆலய பரிபாலன சபையினரே, தாய்மாரே, தந்தைமாரே, எல்லோருக்கும் வணக்கம். பாடசாலை அதிபர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. சனிக்கிழமை ரியூசனையும் விட்டுவிட்டு இத்தனை பிள்ளைகள் இங்கே இருக்கிறார்களென்றால் அது அவர் சொன்ன ஒரு சொல்லால்தான். போன் அவர்கள் கையில்தான் இருக்கிறது, ஆகவே இன்றைய பேச்சு முக்கியமாக அவர்களுக்குத்தான்.

காப்பகத்தில் இருக்கும் நாய்களுக்கு வீடு தேட முகநூலும் வட்ஸ்அப்பும் எப்படி உதவும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று படம். இரண்டு, படத்துக்குக் கீழே எழுதுவது. மூன்று, தெருவில் குட்டிகள் பெருகாமல் இருக்க நாங்கள் செய்ய வேண்டியது.

‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.’ ஒழுங்கையில் நாய் துரத்தும்போது எறியக் கல் அகப்படாத கதையாகத்தான் இதைச் சின்ன வயதில் எல்லோரும் படித்தோம். என் அப்பா வேறு மாதிரிச் சொல்லுவார். அது சிற்பி கல்லில் செதுக்கிய நாய். கல்லென்று பார்த்தால் நாய் மறைந்துவிடும், நாயென்று பார்த்தால் கல் தெரியாது. ஊர் வைரவர் கோயிலில், வைரவருக்குப் பின்னால் நிற்கும் நாயைக் காட்டித்தான் அவர் இதைச் சொல்லித் தந்தார். வைரவருக்கு வடைமாலை சாத்துகிற ஊர் இது. அந்த மாலையில் இருந்து கழற்றிய வடையைக் கையில் வைத்துக்கொண்டே, வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக் கல்லெடுக்கிறோம். இது எனக்கு மனம் பொறுக்காத விஷயம்.

சரி, படத்துக்கு வருவோம். நாய்க்கு வீடு தேடிப் போடுகிற படங்களைப் பாருங்கள். கம்பி வலைக்குப் பின்னால் நாய். மேலே நின்று எடுத்த படம். ஃபிளாஷ் பட்டு இரண்டு கண்ணும் பச்சையாக மின்னும். கீழே எண்பது பேர் ‘ஐயோ பாவம்’ என்று எழுதியிருப்பார்கள். ஒருவர்கூட வந்து பார்க்க மாட்டார். புண்ணையும் சொறியையும் காட்டினால் மருந்துக்குக் காசு சேரும், அது உண்மை, நாங்களும் சேர்த்திருக்கிறோம். ஆனால் தன் வீட்டு முற்றத்தில் ஒரு நாய் ஓடித் திரிவதை மனதில் கண்டால்தான் ஒருவர் அதைக் கூட்டிப் போக வருவார். வலைக்குப் பின்னால் நிற்கும் நாயை யாரும் தன் முற்றத்தில் காண்பதில்லை.

பிள்ளைகள் கவனியுங்கள். நிலத்தில் குந்தி இருங்கள். போன் நாயின் கண் உயரத்துக்கு வரவேண்டும். காலை ஏழு, எட்டு மணி வெளிச்சம் நல்லது. கூட்டுக்கு வெளியே, வேலியோ மதிலோ பின்னால் இருக்கட்டும். ஒருவர் போனுக்குப் பக்கத்தில் பிஸ்கட் பையைச் சரசரக்க வைத்தால் நாயின் காது நிமிரும். அந்தக் கணத்தில் எடுங்கள். கறுப்பு நாயென்றால் நேர் வெயிலில் எடுக்க வேண்டாம், முகம் கரித்துண்டு மாதிரித் தெரியும். மர நிழலில், வெளிச்சத்தைப் பார்த்தபடி இருத்தி எடுத்தால் கண் தெரியும்.

எங்கள் காப்பகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். மண்ணிறக் கடுவன் ஒன்று இருந்தது. மோட்டார் சைக்கிள் மோதிப் பின்னங்கால் ஒன்று சரியாக ஊன்றாது. நாங்களும் ‘நொண்டி நாய், வீடு தேவை’ என்றுதான் போட்டோம். ஏழு மாதத்தில் நான்கு தரம் போட்டோம். ஒரு போன் வரவில்லை. ஒருநாள் பின்னேரம் உதவிக்கு வந்த ஒரு தம்பி தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றான். ஐந்தரை மணியிருக்கும். பாண் விற்கிற ஓட்டோ வழக்கம்போலப் பாட்டைப் போட்டுக்கொண்டு றோட்டால் வந்தது. இவர் மெல்ல எழும்பினார். குந்தினார். கண்ணை மூடினார். முகத்தை வானத்துக்குத் தூக்கி, அந்தப் பாட்டோடு சேர்த்து ஓர் ஊளை இழுத்தார் பாருங்கள்! ஓட்டோ நின்றால் இவரும் நிற்கிறார், பாட்டு மேலே போனால் இவரும் மேலே போகிறார். ஓட்டோ முடக்கால் திரும்பி மறைந்ததும் வாயை மூடி, கைதட்டவில்லையா என்பது போல எங்களைப் பார்த்தார். தம்பி இருபது விநாடி வீடியோ எடுத்துவிட்டான். ‘பாகவதருக்கு ஒரு வீடு வேண்டும், பாண் ஓட்டோ போகிற ஒழுங்கையாக இருந்தால் நல்லது’ என்று எழுதி அன்றிரவே போட்டான்.

விடிய எழும்பிப் பார்த்தால் வீடியோ லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ரொறன்ரோவில் இரவு வேலைக்கு நின்ற ஒரு மகன் பார்த்திருக்கிறார். இணுவிலில் தனியாக இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார். மூன்றாம் நாள் ஓட்டோ பிடித்து அந்த அம்மா வந்து இறங்கினார், கையில் தூக்குச்சட்டி, அதற்குள் மீன் குழம்பு விட்டுப் பிசைந்த சோறு. “பாடுற பிள்ளை எது?” என்று கேட்டார். கூட்டி வந்தோம். “அம்மா, இவருக்குக் கால் ஏலாது” என்று முதலே சொன்னேன், மறைக்கக் கூடாதல்லவா. அந்த அம்மா சொன்னார்: “எனக்கும் முழங்கால் ஏலாது தம்பி. ரெண்டு பேரும் மெல்ல நடப்பம்.”

(கைதட்டல்)

ஒரு கிழமை கழித்து எனக்குப் போன் எடுத்தார். “தம்பி, ஐந்தரைக்கு இவர் படலைக்கு ஓடிப் போறார். பாண்காரனும் இப்ப எங்கட படலையில நிண்டு பாட்டை முழுக்கப் போட்டுட்டுத்தான் போறான்.”

நாங்கள் நொண்டியைக் கண்ட ஏழு மாதமும் நாயைக் காணோம். நாயைக் கண்ட அன்று நொண்டியைக் காணோம். அப்பா சொன்ன பழமொழிக்கு இதைவிட விளக்கம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, எழுத்து. வயது, கடுவனா பெட்டையா, என்ன ஊசி எப்போது போட்டது, பிள்ளைகளோடு எப்படி, பூனையோடும் கோழியோடும் எப்படி, எந்த ஊரில் நிற்கிறது, இவ்வளவும் வேண்டும். திகதியைப் படத்தின் மேலேயே எழுதுங்கள். வட்ஸ்அப்பில் படம் மட்டும் தனியாகப் பிரிந்து இரண்டு வருடம் சுற்றும். வீடு கிடைத்துவிட்டால் பழைய பதிவில் அதை உடனே எழுதிவிடுங்கள்.

இதில் ஒரு சொல் எழுதினால் போன் வருவது நின்றுவிடும். அது ‘பெட்டை’ என்ற சொல். அதே நிறம், அதே முகம், அதே குணம். கடுவனுக்கு ஐந்து பேர் கேட்பார்கள், பெட்டைக்கு ஒருவரும் இல்லை. சந்தைக்குப் பின்னாலும் கோயில் வாசலிலும் பிஸ்கட் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகும் குட்டிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் பெட்டைதான். பெட்டையைக் கண்டால் அங்கேயும் நாயைக் காணோம்.

பெரியோரே, மூன்றாவது, கருத்தடை. இதைச் சொல்லத்தான் நான் மேடை கிடைத்த இடமெல்லாம் ஏறுகிறேன். பெட்டை நாய் ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். வருடத்துக்கு இரண்டு தரம் குட்டி போடலாம். நாங்கள் படமெடுத்து, எழுதி, ஊரெல்லாம் அனுப்பி ஒரு நாய்க்கு வீடு தேடி முடிக்கும் நேரத்தில் அடுத்த ஒழுங்கையில் ஒரு பெட்டை ஆறு குட்டியோடு படுத்திருக்கும். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயம் நடத்துகிறது, எங்கள் மண்ணுக்கு அது பெருமை. ஆனால் எத்தனை சரணாலயம் கட்டினாலும், கருத்தடை செய்யாவிட்டால் இடம் காணாது.

2006 இல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை நாடு நிறுத்தியது. மிக நல்ல முடிவு. கொல்லாமல் விட்டால் மட்டும் போதுமா? விசர்நாய்க்கடிக்கு எதிரான கட்டளைச் சட்டம் இங்கே 1893 இலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு நாய்க்கும் வருடா வருடம் ஊசி போட்டாலும், ஊசி போடாத புதுக் குட்டிகள் தெருவில் பிறந்துகொண்டே இருந்தால் அந்தப் பாதுகாப்பு கரைந்துகொண்டே போகும். (பிள்ளைகளே, நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.)

‘ஒரு தரமாவது குட்டி போடவேண்டும், இல்லாவிட்டால் பாவம்’ என்பார்கள். அதில் வைத்தியம் எதுவும் இல்லை. கருத்தடை செய்த நாய் காவல் காக்காது என்பதும் பிழை. பாவம் என்றால், கண் திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் பெட்டியில் போட்டு மழையில் விடுவதுதான் பாவம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அன்று, நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டுப் பெட்டை செம்மணி வெளி வரை பின்னால் வந்தது. மழை. சனத்துக்கு நடுவில் அதன் வெள்ளை வால் நுனி மட்டும் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது, பிறகு தெரியவில்லை. அது அப்போது சினையாக இருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்து ஒழுங்கை ஒழுங்கையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

கால்நடை வைத்திய அதிகாரி அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். மாதத்தில் ஒரு நாள், பெட்டை நாய்களுக்கு மட்டும், கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கித் தாருங்கள். நாய்களைப் பிடித்துக் கொண்டுவருவதும், பிறகு பத்து நாள் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பு. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகள் அந்த வீடியோவைப் பார்த்த மாதிரி இதையும் பார்த்தால் மருந்துச் செலவுக்குக் குறைவிருக்காது. பிரதேச செயலாளர் அம்மா தலையசைக்கிறார், அதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் மூன்று நாய்களைக் கட்டியிருக்கிறோம். பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு வாருங்கள். இடது பக்கம் நிற்கும் கறுப்புப் பெட்டைக்கு ஒன்றரை வயது. கருத்தடை செய்தாயிற்று, ஊசி போட்டாயிற்று, கோழியைத் துரத்த மாட்டாள். அவளை வெயிலுக்கு இழுக்காமல் நிழலிலேயே வைத்து எடுங்கள். நன்றி, வணக்கம்.