படகைத் தூக்குவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். பெண் பிள்ளைகள் மட்டுமே தங்கும் கோடைக்கால முகாம் என்றதும் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "பாதுகாப்புக்காகவா?" அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் அப்படியொரு முகாமில், கல்லூரி முடித்த கையோடு, கைவினை சொல்லித்தரும் உதவியாளராக ஒரு கோடை முழுவதும் வேலை பார்த்தேன். பையன்கள் கண்ணில் படாமல் பெண்களைக் காப்பது அங்கே யாருக்கும் கவலையாக இருந்ததாகத் தெரியவில்லை. கனமான சாமான் ஒன்றைத் தூக்க வேண்டுமென்றால் கூப்பிடுவதற்குப் பையன் இல்லை. விஷயம் அதில்தான் இருக்கிறது.

கேனோ என்ற ஒடுக்கமான படகை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டுமானால், இடையிலுள்ள காட்டுப் பாதையில் அதைத் தோளில் சுமந்துதான் போக வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்கள் இருவர் முன்னும் பின்னுமாக நின்று, ஒரே மூச்சில் புரட்டிக் கவிழ்த்துத் தலைக்கு மேல் ஏற்றிக்கொள்வார்கள். முதல் முறை கட்டாயம் யாராவது ஒருத்தி முந்திக்கொள்வாள். படகு கோணிக்கொண்டு நிற்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கும், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் முகாம் அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாளே தவிர, கை கொடுக்க மாட்டாள். அந்த அக்காவுக்கே பத்தொன்பது வயதுதான் இருக்கும். படகில் போக அனுமதி கிடைப்பதற்கு முன்னால் இன்னொரு சடங்கும் உண்டு. ஆழமான இடத்தில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நீந்தியபடியே அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து காட்ட வேண்டும்.

இந்த வழக்கம் புதிதல்ல. கனெக்டிகட் மாநிலத்தில் பிரெடெரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் 1861இல் மாணவர்களைக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்ததையே அமெரிக்கக் கோடை முகாம்களின் தொடக்கம் என்பார்கள். அது பையன்களை மனதில் வைத்துச் செய்தது. பெண்களின் முறை வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1902இல் தொடங்கிய வயோனிகானிக் முகாம் மேய்னில் டென்மார்க் என்ற சிற்றூரில் இன்றும் நடக்கிறது. அதே மாநிலத்தின் செபாகோ ஏரிக்கரையில் முகாம் நடத்தியவர்கள் லூதர் குலிக், சார்லட் குலிக் தம்பதியர். 1910இல் 'கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ்' என்ற பெண் பிள்ளைகள் இயக்கம் உருவாக முன்நின்றவர்களும் அவர்களே. இந்த லூதர் குலிக் கொடுத்த வேலையைச் செய்யப் போய்த்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார் என்பது விளையாட்டுப் பிரியர்களுக்கு உபரித் தகவல். இடுப்பை இறுக்கும் உள்ளாடையும் தரையைப் பெருக்கும் பாவாடையுமாக வளர்ந்த அக்காலப் பெண்கள், முகாமில் முழங்காலோடு நிற்கும் தொளதொளத்த கால்சட்டையில் ஓடினார்கள். அந்தப் பழைய புகைப்படங்களில் அவர்கள் பல் தெரியச் சிரிப்பதைப் பார்க்க வேண்டும்.

இனி அன்றாடம். காலையில் மணி. கொடியேற்றம். பிறகு தங்கும் மரக்குடிலைப் பெருக்குவதும் கழிப்பறை கழுவுவதும். யாருக்கு என்ன வேலை என்று அட்டைச் சக்கரம் ஒன்று சொல்லும். பணக்கார வீட்டுப் பெண் என்பதற்காக அது தயங்கி நிற்பதில்லை. கைப்பேசிக்கு அனுமதி இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் படுக்கையில் இருந்தே ஆக வேண்டும். வீட்டுக்குக் கடிதம் எழுதுவது அப்போதுதான். வீட்டு ஏக்கம் பொங்கி வருவதும் அப்போதுதான். சமாதானம் சொன்னால் அழுகை கூடும் என்பதை அங்கிருந்த பழையவர்கள் அறிந்திருந்தார்கள். அழுகிற பெண்ணிடம் சாப்பாட்டு மணி அடிக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுவார்கள். மணியடிக்கிறவள் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே, அழ ஏது பொழுது?

என்னை மிகவும் கவர்ந்தது ஏரிக்கரையில் நின்ற ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பெண்ணின் பெயர் எழுதிய வட்ட வில்லை, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. தண்ணீரில் இறங்கும்போது சிவப்பாகத் திருப்ப வேண்டும், ஏறும்போது வெள்ளையாக. தனியாக இறங்க முடியாது, ஜோடி வேண்டும். விசில் ஊதினால் ஜோடிகள் கைகோத்து உயர்த்தி நிற்க, கரையிலிருந்து எண்ணுவார்கள். எண்ணிக்கையும் பலகையும் ஒத்துப்போகும் வரை ஒருத்தியும் அசையக் கூடாது. வில்லையைத் திருப்ப மறந்து சாப்பிடப் போய்விட்ட பெண்ணால் ஏரி முழுக்கத் தேடியதும் உண்டு. அன்றைக்கு அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் பலகைக்குக் காவல் அவள்தான்.

இரவில் நெருப்பைச் சுற்றிப் பாட்டு. குச்சியில் சுட்ட மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயையும் சாக்லெட்டையும் பிஸ்கட்டுக்குள் வைத்து அமுக்கித் தின்பார்கள். இதன் செய்முறை 1927இலேயே பெண் சாரணர் நூல் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. எனக்குத் திகட்டியது.

குறை இல்லாமல் இல்லை. ஏழு வார முகாமுக்கு இன்று பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. உதவித்தொகை தரும் முகாம்கள் இருந்தாலும், பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் பிள்ளைகளே வருகிறார்கள். பூர்வகுடி மக்களின் பெயர்களையும் சடங்குகளையும் அவர்களைக் கேட்காமலேயே எடுத்து, பல முகாம்கள் வெகுகாலம் வேடிக்கையாக்கி வைத்திருந்தன. கைவினை வகுப்பில் இறகு ஒட்டிய தலையணி செய்யச் சொல்லும் பழைய குறிப்பேடு ஒன்றைக் கண்டபோது எனக்குக் கூசியது.

2025 ஜூலை 4 அதிகாலையில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. டெக்சாஸில் குவாடலூப் ஆறு பொங்கி, 1926இல் தொடங்கிய மிஸ்டிக் பெண்கள் முகாமில் 28 பேர் இறந்தார்கள். 25 பேர் சிறுமிகள், இருவர் முகாம் அக்காமார், ஒருவர் முகாமை நடத்தியவர். நீந்தும் நேரத்தில் தலை எண்ணும் மரபு இந்த முகாம்களில் எவ்வளவு கறாராக இருக்கிறதோ, அவ்வளவு கறார் தூங்கும் இடத்தைத் தேர்வதிலும் இருந்திருக்க வேண்டும். வெள்ளம் ஏறும் சமவெளியில் பிள்ளைகள் தங்கும் குடில்கள் இருக்கக் கூடாது என்று அம்மாநிலம் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. புதிய விதிகளின் செலவு தாங்காது என்று சில முகாம்கள் முறையிடுகின்றன. சிறிய முகாம்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மேட்டில் குடில் கட்டப் பணமில்லாதவர்கள் அடுத்தவர் பிள்ளையைப் பொறுப்பேற்க முன்வரக் கூடாது.

கேட்டுக்கொண்டிருந்தமைக்கு நன்றி. வணக்கம்.