பெயருக்கு மட்டும் பணம்

வணக்கம். மேசையில் அடுக்கியிருப்பது என் முதல் சிறுகதைத் தொகுப்பு. பேசிக்கொண்டே ஒவ்வொரு பிரதியின் பின்னட்டையிலும் ஒரு லேபிளை ஒட்டப் போகிறேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்தப் பின்னட்டையில் என் இணையதள முகவரி அச்சாகியிருக்கிறது. அந்த முகவரிக்கு இன்று போனால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. தளத்தை அமைத்துத் தந்தவர் முகவரியைத் தன் மின்னஞ்சலில், தன் பெயரில் பதிவு செய்திருந்தார். நானும் கேட்கவில்லை. புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் எல்லாம் அவருக்கே போயின. அவர் தொழிலை மாற்றிக்கொண்டார், தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டார். தவணை கடந்தது, யாரோ எடுத்துக்கொண்டார்கள். தளம் கட்ட நான் கொடுத்தது 18,000 ரூபாய். மிச்சம் இந்த லேபிள்தான்.

ஆகவே எழுதுகிற நண்பர்களுக்கு நான் சொல்வது: பணம் கொடுத்து வாங்க வேண்டியது முகவரி ஒன்றைத்தான். அதையும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில், உங்கள் கையாலேயே வாங்குங்கள். தம்பி மகன் கணினி படித்தவனாக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டட்டும், கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும்.

வாங்கும்போது கொட்டை எழுத்தில் இருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். அது முதல் ஆண்டுக்கு. கீழே பொடி எழுத்தில் புதுப்பிக்கும் விலை இருக்கும். 99 ரூபாய்க்கு வாங்கிய முகவரிக்கு அடுத்த ஆண்டு நான் ஆயிரத்துக்கு மேல் கட்டினேன். டாட் காம் முகவரி தவணை தவறி நீக்கப்பட்டாலும் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். கூடவே விற்கப் பார்க்கும் மின்னஞ்சல், பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். பூட்டுச் சின்னம் தரும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு பல ஆண்டுகளாக இலவசமாகவே கொடுத்து வருகிறது.

அடுத்தது இடம். வேர்ட்பிரஸ் இலவசம் என்பார்கள். மென்பொருள் இலவசம்தான், அதைக் குடிவைக்கும் சர்வருக்கு வாடகை உண்டு. நான் இருப்பது பிளாக்கர் என்ற வலைப்பதிவுச் சேவையில். 2003-இல் கூகுள் வாங்கியது, பார்க்கவும் அந்தக் காலத்து வீடு போலத்தான் இருக்கும். ஆனால் வாடகை இல்லை, சொந்த முகவரியையும் இணைத்துக்கொள்ளலாம். அது தரும் இரண்டு வரிகளை முகவரி வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது முகவரி எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் பக்கத்தில், ஒட்டினால் வேலை முடிந்தது. எனக்கு ஒரு மாலை ஆனது, அதில் பாதி நேரம் கடவுச்சொல்லைத் தேடியதில் போனது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வரும் ஒரு தொல்லை இருக்கிறது. திரையைப் பாருங்கள். 'மழைக்குப் பிறகு' என்று தலைப்பிட்டேன். வேர்ட்பிரஸ் அதையே இணைப்பாக்கும், ஆனால் நகலெடுத்து அனுப்பினால் சதவீதக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக 127 குறிகள் வரும். ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது என்று கணக்கு, புள்ளியும் கொம்பும் தனித்தனி. பார்க்கிறவர் ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடமாட்டார். பிளாக்கர் தமிழைக் கண்டால் தலைப்பையே விட்டுவிட்டு, எல்லாக் கதைக்கும் ஒரே பெயரை வைத்து எண் போட்டுவிடும். வெளியிடுவதற்கு முன்பே இணைப்பை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே அடித்துவிடுங்கள்.

பழைய கதைகளைக் கணினியில் பாமினி எழுத்துருவில், அதாவது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பழைய எழுத்துருவில், வைத்திருப்பவர்கள் அப்படியே ஒட்டிப் பார்த்துப் பதறியிருப்பீர்கள். 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். எங்கும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். என் கதை ஒன்றில் மேற்கோள் குறிகள் எல்லாம் வேறு எழுத்துகளாகி, பாத்திரங்கள் பேசும் இடமெல்லாம் உளறலாக இருந்தது. எழுத்துருவுக்கும் செலவில்லை. நோட்டோ செரிப் தமிழ், கட்டமரான் இரண்டும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் உள்ளன. நீண்ட கதைக்கு எனக்கு நோட்டோதான் கண்ணுக்கு இதம்.

புத்தகம் விற்கத் தனிக் கடைப் பக்கம் கட்டித் தருகிறோம் என்பார்கள். மாதம் நான்கு பிரதி விற்கும் எனக்கு அது எதற்கு? அட்டைப்படம், விலை, யுபிஐ குறியீட்டுப் படம், முகவரி அனுப்ப ஒரு மின்னஞ்சல், இவ்வளவுதான் வைத்திருக்கிறேன். யுபிஐ அடையாளத்தில் உங்கள் தொலைபேசி எண் இருந்தால் மட்டும் வேறொன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். கவிதை சொல்ல நள்ளிரவில் அழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பேசிய நேரத்தில் பதினொரு பிரதிதான் ஆகியிருக்கிறது. இது கோணலாக ஒட்டிவிட்டேன், பழைய முகவரியின் வால் வெளியே தெரிகிறது. பிரித்து ஒட்டுகிறேன், அடுத்த வாரம் பார்ப்போம்.